சத்தத்தை மட்டும் நிறுத்தச் சொன்னவள்

சின்ன ஆயாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேச்சு வராத குழந்தையிடம்தான் அவள் பேசுவாள். நாக்கு திரும்பி, நாலு வார்த்தையைச் சேர்த்துச் சொல்லக் குழந்தை கற்றுக்கொண்ட அன்றோடு அதற்கும் இவளுக்குமான பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பிறகும் தூக்குவாள், துடைப்பாள், ஊட்டுவாள், முதுகைத் தட்டிக்கொடுப்பாள். வாயை மட்டும் திறக்க மாட்டாள். அந்தப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் அவளோடு வேலை பார்க்கும் பெரிய ஆயா பல வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏண்டி, நேத்து வரைக்கும் அந்தப் பிள்ளை உன் மடியிலேயே கெடந்துச்சு. இன்னிக்கு என்ன, அதுகூட உனக்குச் சண்டையா?"

"பேச ஆரம்பிச்சிடுச்சுக்கா."

"பேசினா நல்லதுதானே?"

"வீட்ல போய்ச் சொல்லிடும்ல."

பெரிய ஆயா வயிறு குலுங்கச் சிரித்தாள். "ஆமா, நீ ராணுவ ரகசியம் வெச்சிருக்க, அது போய் எதிரிகிட்ட சொல்லப் போகுது."

பெரியவள், சின்னவள் என்பது வயதை வைத்து வந்ததில்லை. உருவத்தை வைத்து வந்தது. பெரிய ஆயா கதவை அடைத்துக்கொண்டு நிற்பாள். ஓடியாடும் பிள்ளைகளின் அறை அவளுடையது. சின்ன ஆயா கதவுக்குப் பின்னால் நின்றால் ஆள் இருப்பதே தெரியாது; தவழும் பிள்ளைகளும் அவர்கள் தூங்கும் அறையும் அவள் பொறுப்பு. ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மூன்று அறை, பின்னால் துணி துவைக்கும் இடம், வாசலில் ஒரு இரும்புக் கேட். மேலே பல் டாக்டர் இருந்தார். அவருடைய மெஷின் கிர்ரென்று சுற்றத் தொடங்கினால் தூங்கும் குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து அழும். மறுபடி தூங்கவைப்பது சின்ன ஆயாவின் கையில்தான் இருந்தது. கையில் என்று சொல்வது தப்பு. வாயில்.

மதியச் சாப்பாடு முடிந்து, வாய் துடைத்து, ஈரம் மாற்றி, தொட்டில் கட்டில்களில் படுக்கவைத்தபிறகு திரையை இழுத்துவிட்டு, கட்டில்களுக்கு நடுவில் ஒரு குட்டை ஸ்டூலைப் போட்டு உட்காருவாள். பிறகு ஆரம்பிப்பாள். கதையோ பாட்டோ கிடையாது. வீட்டு விஷயம்தான். காலையில் யார் என்ன சொன்னார்கள், தான் என்ன சொல்ல நினைத்தாள், ஏன் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மின்விசிறி சுற்றுகிற மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாத ஒரே குரலில் போய்க்கொண்டே இருக்கும். நடுநடுவே, "நியாயமா சொல்லு, நீயே சொல்லு" என்பாள். நியாயம் சொல்லவேண்டியவர்கள் விரலைச் சப்பிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார்கள். கடைசிக் குழந்தை தூங்கும்போது அவளுடைய மனப்பாரமும் இறங்கியிருக்கும். எழுந்து பால்புட்டி கழுவப் போய்விடுவாள்.

வெளியாட்களிடம் அவளுக்குப் பேச்சு வராது. ஏழாவது படிக்கும்போது வகுப்பில் எழுந்து நின்று வாசித்தாள், ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நின்றாள், வகுப்பே சிரித்தது. அதே வருஷம் வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று படிப்பை நிறுத்தினார்கள். அவள் அதற்காக அழவில்லை. கல்யாணமாகிப் போன இடத்தில் அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில். அண்ணன் மனைவியை இவள் அக்கா என்று கூப்பிடுவாள். அக்காவுக்கு வாய் வேலை செய்யும், கை ஓய்வெடுக்கும். இவளுக்கு நேர் எதிர். ஆகவே அந்த வீட்டில் எல்லா வேலையையும் அக்கா செய்வதாகத்தான் சொந்தக்காரர்கள் அனைவருக்கும் தெரியும். இவளுடைய வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அடுத்தவர் வீட்டு லிஃப்ட் நின்றால் ஓடிப் போய்விடுவார். சொந்த வீட்டில் எது நின்றாலும் "பாக்கலாம்" என்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காப்பகத்துக்குக் கேமரா வந்தது.

பெற்றவர்கள் கேட்டார்கள் என்று மேடம் மாட்டினார். மேடம் என்றால் காப்பகத்தை நடத்துகிறவர். தூங்கும் அறையில், துணி அலமாரிக்கு மேலே, கோழிமுட்டை அளவில் வெள்ளையாக ஒன்று. அதில் பச்சையாக ஒரு பொட்டு எரிந்துகொண்டே இருக்கும். "அவங்க ஆபீஸ்ல இருந்துகிட்டே போன்ல பாப்பாங்க. நீ உன் பாட்டுக்கு இரு" என்றார் மேடம். சின்ன ஆயா ஸ்டூலைத் திருப்பி, அதற்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டாள். முதுகைப் பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும், முதுகில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாள். பேச்சு வழக்கம்போல நடந்தது.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம், கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு குழந்தையை அதன் அம்மா கையில் கொடுத்தாள். பெரிய ஆயா அந்த அம்மாவுக்குக் கேமரா அம்மா என்று பேர் வைத்திருந்தாள். கேமரா வேண்டும் என்று முதலில் கேட்டது அவர்தான். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அவர் கேட்டார்:

"உங்க அக்காவுக்கு இடுப்பு சரியாயிடுச்சா ஆயா?"

சின்ன ஆயாவுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் காதிலிருந்து கழுத்து வரை சூடு இறங்கியது.

"சத்தமும் வருது ஆயா. தெளிவா கேக்குது. லஞ்ச் டைம்ல நான் தினமும் போட்டுடுவேன்" என்று சொல்லி, நல்ல மனதோடு சிரித்துவிட்டுப் போனார்.

அன்றோடு பேச்சு நின்றது.

மறுநாள் ஸ்டூலில் உட்கார்ந்தாள், தட்டிக்கொடுத்தாள், ஆட்டினாள். குழந்தைகள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று முனகியது, இன்னொன்று அதைக் கேட்டு அழுதது. பிறகு மொத்த அறையும். பெற்றவர்கள் போனில் கேமராவைப் பார்க்கிற ஆப்பில், எந்தக் குழந்தை எவ்வளவு நேரம் தூங்கியது என்று கோடு போட்டுக் காட்டும். கோடு குட்டையாகிக்கொண்டே போனது. பெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் படம் எடுத்துப் போட்டு, என்ன நடக்கிறது என்று கேட்டார்கள்.

அந்தக் குழுவில் ஆயாக்கள் இருவரும் இருந்தார்கள். பிள்ளைகள் சாப்பிடுவதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பதற்காக மேடம் சேர்த்துவிட்டிருந்தார். சின்ன ஆயா உதடு அசைய, எழுத்துக் கூட்டிப் படிப்பாள். குழந்தைக்குத் தூக்கம் வரவில்லை என்று தொடங்கிய பேச்சு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேறு எங்கோ போய்விட்டது.

"கேமரா வந்த பிறகுதான் இப்படி. இந்தப் பதிவெல்லாம் எந்த நாட்டில் சேமிக்கிறார்கள் என்று யாராவது கேட்டீர்களா?" என்று ஒருவர் போட்டார். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஒரு அப்பா. வக்கீல் இல்லை என்றாலும் எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவதால் பெரிய ஆயா அவருக்குச் சட்டக்காரர் என்று பேர் வைத்திருந்தாள்.

"எந்த நாட்டில் இருந்தால் என்ன சார்? என் குழந்தை என் கண் முன்னால் இருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்." இது கேமரா அம்மா.

"உங்கள் கண் முன்னால் மட்டும் இல்லை. அந்தக் கம்பெனி கண் முன்னாலும்."

"மறைக்க ஒன்றும் இல்லாதவர்களுக்கு என்ன பயம்?"

"அப்படியென்றால் உங்கள் படுக்கையறையில் ஒன்று மாட்டுங்களேன்."

"குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது இந்த மாதிரி பேச்சு எதற்கு? அட்மின் கவனிக்கவும்."

நடுவில் ஒரு குழந்தையின் தாத்தா, சிவப்பு ரோஜாப் படம் போட்டு, இந்த நாள் இனிய நாளாகட்டும் என்றார். அதற்குக் கீழே சண்டை தொடர்ந்தது. புதிய சட்டம் வருகிறது என்றார் ஒருவர். வந்தால் அது பெரிய கம்பெனிகளுக்கு, இந்த மாதிரிச் சின்ன இடத்துக்கு இல்லை என்றார் இன்னொருவர். இல்லை, எல்லாருக்கும்தான் என்று யாரோ ஒரு நீளமான இணைப்பை அனுப்பினார். அதை யாரும் திறந்து பார்த்த மாதிரித் தெரியவில்லை. அரசாங்கமே நம் கைரேகையை வைத்திருக்கிறது, முட்டைக் கேமராவுக்கு ஏன் பயப்படுகிறீர்கள் என்றார் மற்றொருவர். ஒப்புதல், பாதுகாப்பு, உரிமை, கட்டுப்பாடு என்று சொற்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன.

சின்ன ஆயா ஒவ்வொன்றாகப் படித்து அடிவரை வந்தாள். சத்தம் என்ற சொல் எங்கேயும் இல்லை.

அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். படம் போகட்டும். எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் போகட்டும். சத்தம் மட்டும் போகக் கூடாது. 'சத்தம் மட்டும் வேண்டாம்' என்று எழுதினாள். படித்துப் பார்த்தாள். அழித்தாள். 'மேடம் சத்தம் மட்டும்' என்று எழுதினாள். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? அழித்தாள்.

அடுத்த அறையிலிருந்து பெரிய ஆயா குரல் கொடுத்தாள். "நீ டைப் பண்றதா காட்டுது, ரொம்ப நேரமா காட்டுது, ஒண்ணும் வரமாட்டேங்குது. என்னடி எழுதற, ராமாயணமா?"

"ஒண்ணும் இல்லக்கா."

குழுவில் சொல்ல முடியாது என்று தெரிந்தபிறகு மேடத்திடம் நேரில் போனாள். மேடம் ஒரு கையில் போனும் ஒரு கையில் டீயுமாக இருந்தார். டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது.

"மேடம், அந்தக் கேமராவுல சத்தத்த மட்டும் நிறுத்த முடியுமா?"

"நீ வேறயா?" மேடம் போனை மேஜையில் கவிழ்த்தார். "ஒருத்தர் கழட்டுங்கறார். ஒருத்தங்க இன்னொண்ணு மாட்டுங்கறாங்க. ஒருத்தர் சட்டம் அனுப்பறார், ஒருத்தர் ரோஜாப்பூ அனுப்பறார். ரெண்டு பேரு பிள்ளையக் கூட்டிட்டுப் போயிடுவோம்னு மெரட்டறாங்க. இதுல நீ சத்தங்கற. சத்தத்துல உனக்கு என்ன?"

என்ன என்று சொல்ல வேண்டுமானால், தூங்காத ஆளிடம் அதைச் சொல்ல வேண்டும்.

"குழுவுல ஒரு முடிவுக்கு வரட்டும். அப்புறம் பாக்கலாம்" என்றார் மேடம்.

பாக்கலாம். வீட்டிலும் அதே சொல், வேலையிலும் அதே சொல்.

குழந்தைகளின் தூக்கம் இன்னும் கெட்டது. இப்படியே போனால் அந்த அறைக்கு வேறு ஆள் போடும்படி ஆகும் என்று மேடம் பெரிய ஆயாவிடம் சொல்ல, பெரிய ஆயா அதை இவளிடம் சொன்னாள். "யார்கிட்டயாவது வாயத் திறடி. அந்தச் சட்டக்காரர் கேமராவுக்கு எதிராத்தானே நிக்கறார்? அவர்கிட்ட போ. உன் பக்கந்தான் பேசுவார்."

அது சரியாகத்தான் பட்டது. சாயங்காலம் மகளைக் கூட்டிப்போக அவர் வந்தபோது, குழந்தையின் பையை எடுத்துக் கொடுக்கிற சாக்கில் கேட் வரை போனாள். சொல்ல வேண்டியதைத் துவைக்கும் இடத்தில் நின்று பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள்.

"சார், கேமராவுல சத்தம் போகுதுல்ல சார். அது மட்டும் வேண்டாம்னு நீங்க சொன்னா…"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இதத்தான் ஆயா நான் ஆரம்பத்துலேருந்து கத்திக்கிட்டு இருக்கேன்! அந்த ரூம்ல வேலை செய்யறது நீங்க. உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா? கையெழுத்து வாங்கினாங்களா? உங்க குரல் உங்க சொத்து ஆயா. அது உங்க தகவல்!"

"அதெல்லாம் வேண்டாம் சார். சத்தத்த மட்டும்…"

"நான் பாத்துக்கறேன். நீங்க கவலைப்படாதீங்க."

அவர் பார்த்துக்கொண்டார். அன்றே குழுவில் நீளமாக ஒன்று எழுதினார். அதில் சின்ன ஆயா ஒரு தொழிலாளி, ஒரு பெண், குரலற்றவள், கண்காணிப்புக்கு ஆளானவள். சத்தத்தை மட்டும் நிறுத்துங்கள் என்பது அதில் எங்கேயோ ஏழாவது பத்தியில் இருந்தது. அது வரை யாரும் போகவில்லை.

"எல்லாம் சும்மா பயமுறுத்தல். இந்தப் பதிவை யார் எடுக்கப் போகிறார்கள், எடுத்து என்ன செய்யப் போகிறார்கள்? நிரூபியுங்கள் பார்ப்போம்" என்று கேமரா அம்மா எழுதினார்.

மறுநாள் மதியம் சின்ன ஆயா பால்புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. கையைத் துடைத்துவிட்டு எடுத்தாள். குழுவில் ஒரு வீடியோ. மேலே சட்டக்காரர் எழுதியிருந்தார்: "இதோ நிரூபணம். பழைய பதிவுகளில் ஏதோ ஒன்றை எடுத்தேன். டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. நான் எடுக்க முடியும் என்றால் யாரும் எடுக்க முடியும்."

தொட்டாள். தூங்கும் அறை தெரிந்தது. கட்டிலில் அவருடைய மகள் படுத்திருந்தாள். குழந்தையின் முகம் தெரியக் கூடாது என்று அதன்மேல் ஒரு மஞ்சள் சிரிப்புப் பொம்மையை ஒட்டியிருந்தார். குழந்தை தலையைத் திருப்பினால் பொம்மையும் கூடவே திரும்பியது. அவ்வளவு கவனமாகச் செய்திருந்தார். பக்கத்தில் ஸ்டூல். ஸ்டூலில் ஒரு முதுகு, ஒரு கொண்டை, குழந்தை பக்கம் திரும்பியதில் தெரிந்த பாதி முகம். அவள் முகத்தின்மேல் எதுவும் ஒட்டவில்லை.

"கேட்டியா பட்டு, அக்காவுக்கு நேத்து மறுபடியும் இடுப்பு புடிச்சுக்கிச்சு. தொட்டியில பாத்திரம் விழற சத்தம் கேட்டாப் போதும், அந்த இடுப்பு கட்டிலத் தேடி ஓடும். கடைக்குப் போலாமான்னு கேட்டுப் பாரு, அதே இடுப்பு துள்ளிக்கிட்டு முன்னாடி நிக்கும். நான் ஒண்ணும் சொல்லல. நான் எதுக்குச் சொல்லணும்? உங்க மாமா தனி வீடு பாக்கறேன் பாக்கறேன்னு, எனக்கு முடி நரைச்சதுதான் மிச்சம். ஒரே ஒரு ரூம் போதும். என் தட்ட மட்டும் கழுவி வெச்சிட்டு, கதவச் சாத்திட்டு, சும்மா உக்காந்திருக்கணும். நியாயமா சொல்லு, நீயே சொல்லு…"

தன் குரலை வெளியிலிருந்து அவள் கேட்டதே இல்லை. யாரோ மூக்கடைத்த பெண் பேசுகிற மாதிரி இருந்தது. தண்ணீர்க் குழாயை மூடாமலே நின்றிருந்தாள்.

குழுவில் ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டார். இன்னொருவர், இது ஆயாவின் தனிப்பட்ட விஷயம், இதைப் போட்டது தவறு என்றார். தவறு என்று காட்டத்தான் போட்டேன் என்றார் சட்டக்காரர். அப்படியானால் தவறு செய்தது கேமரா இல்லை, நீங்கள்தான் என்றார் கேமரா அம்மா. மறுபடி தொடங்கியது.

குழுவோடு நின்றிருந்தால்கூடப் போகட்டும் என்று இருந்திருக்கும். தொழில்நுட்பம் பற்றி ஊர் பேர் தெரியாதவர்கள் விவாதிக்கிற ஒரு பொதுப் பக்கத்தில் அவர் தொடர்ந்து எழுதுகிறவராம். அங்கேயும் அதைப் போட்டிருந்தார். அங்கே சிலர் சட்டத்தைப் பற்றி வாதாடினார்கள். பெரும்பாலானவர்கள் இடுப்பைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு இடுப்பு இருக்கிறது என்று ஆளாளுக்கு எழுதினார்கள். வேலை நேரத்தில் வம்பளக்கிறவளுக்குச் சம்பளமா என்று சிலர். பாவம், அவளுக்கு ஒரு ரூம் பார்த்துக் கொடுங்கப்பா என்று சிலர். யாரோ ஒருவர் பின்னால் மேளச் சத்தம் சேர்த்து, 'இடுப்பு அக்கா' என்று தலைப்புப் போட்டு அனுப்ப, அது தன் போக்கில் கிளம்பிவிட்டது. அக்காவின் தம்பியின் போனுக்கு வந்து சேர ரொம்ப நாள் ஆகவில்லை.

அன்று வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தொட்டி காலியாக இருந்தது. கழுவியதையே எடுத்துத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, விடுங்க. நான் பண்றேன்."

"வேண்டாம்மா." அக்கா திரும்பவில்லை. "என் இடுப்பு நல்லாத்தான் இருக்கு. ஊரே விசாரிக்குது."

"அக்கா, அது நான் குழந்தைகிட்ட…"

"எனக்குத் தண்டுவடத்துல தேய்மானம் இருக்குன்னு டாக்டர் சொன்னது உனக்குத் தெரியுமா? தெரியாது. நான் சொல்லல. உனக்கு ஏன் சொல்லணும்? உன்கிட்ட சொன்னா நீ வாயத் தொறந்தா பதில் சொல்லுவ? இத்தன வருஷத்துல என்கிட்ட முழுசா ஒரு பேச்சுப் பேசியிருப்பியா நீ? விரல் சப்பற குழந்தைகிட்ட சொல்லியிருக்க. என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். முடிஞ்சிருக்கும்."

அக்கா சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்பதுதான் சின்ன ஆயாவை அதிகம் சுட்டது. அக்கா ஒரு தட்டை எடுத்துத் துடைத்து, சத்தம் வராமல் அடுக்கினாள். அவள் எப்போதும் சத்தம் போட்டுத்தான் எதையும் வைப்பாள்.

வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தனி வீடு வேணும்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன்."

"எப்போ?"

"சொல்லும்போதெல்லாம் பாக்கலாம்னு சொன்னீங்க."

"சும்மா சொல்றேன்னு நெனச்சேன். இதுல கேட்டாத்தான் தெரியுது, நெசமாவே கேக்கறன்னு."

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். ஒரே சொல்லை வீட்டுக்குள் நேராகச் சொன்னால் காதில் ஏறவில்லை. அலமாரி மேல் முட்டை வழியாகப் போய், ஊரெல்லாம் சுற்றி, மேளத்தோடு வந்தால் ஏறுகிறது. வந்த கோபத்தில் அவளுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. போர்வையை உதறி மடித்தாள். அது மடித்துத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் சட்டக்காரர் மகளை விட வந்தபோது அவள் கேட்டிலேயே நின்றாள்.

"சார், நான் சத்தத்த மட்டுந்தான் சார் நிறுத்தச் சொன்னேன்."

அவர் முகம் வாடியது. பொய் வாட்டம் இல்லை. "தெரியும் ஆயா. உங்களுக்காகத்தான் செஞ்சேன். இவ்வளவு பரவும்னு நினைக்கல. நேத்தே எடுத்துட்டேன்."

"எங்க வீட்ல இன்னும் வருதே சார்."

"நான் போட்டத நான் எடுத்துட்டேன். மத்தவங்க சேமிச்சு வெச்சிக்கிட்டது என் கையில இல்ல. ஒருதடவ வெளியில போனா திரும்ப வராது. அதத்தான் நான் மொதல்லேருந்து…" பாதியில் நிறுத்தினார். தரையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உங்களுக்கு நடந்தது பெரிய பாடம் ஆயா. உங்க அனுமதியோட இதப் பத்தி விரிவா ஒரு பதிவு எழுதலாமா? பேர் போட மாட்டேன்."

சின்ன ஆயா குழந்தையை அவர் தோளிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பின்னாலிருந்து, "யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல" என்று கேட்டது.

இனியும் இழுக்க முடியாது என்று மேடம் குழுவில் ஓட்டெடுப்பு வைத்தார். கேமரா வேண்டும், கேமரா வேண்டாம் என்று இரண்டே கட்டம். சின்ன ஆயா கேட்டதற்குக் கட்டம் இல்லை. இதைப் பார்த்துப் பெரிய ஆயாவுக்குப் பொறுக்கவில்லை. போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக் குரல் பதிவு அனுப்பிவிட்டாள்: "எல்லாரும் மன்னிக்கணும். அவ கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். படம் இருக்கட்டும், சத்தத்த மட்டும் நிறுத்துங்க. அவ பேசினாத்தான் பிள்ளைங்க தூங்குது. நீங்க கேட்டா அவளுக்குப் பேச்சு வராது. இதுல சட்டம் கிட்டம் ஒண்ணும் இல்ல."

இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்லியிருக்க முடியாது. சின்ன ஆயா கதவோரம் நின்று, பதில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேமரா அம்மாதான் எழுதினார். "ஆயா மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் சத்தம் இல்லை என்றால் குழந்தை அழுவது எனக்கு எப்படித் தெரியும்? போன வாரம் அதற்கு மூச்சுத் திணறியபோது இருமல் சத்தம் கேட்டுத்தான் போன் செய்தேன்."

அது நிஜம். அந்த போன் வந்தபோது சின்ன ஆயா துவைக்கும் இடத்தில் இருந்தாள். ஓடிவந்து குழந்தையை நிமிர்த்திப் பிடித்தது அவள்தான். அதைப் படித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டாள்.

அதன்பிறகு ஊழியர்கள் குழுவில் கருத்துச் சொல்லலாமா என்று பேச்சு திரும்பியது. சொல்லலாம் என்றார் சட்டக்காரர், அது அவர்கள் உரிமை என்று. அதற்கு நாலு பதில். மேடம் பெரிய ஆயாவின் குரல் பதிவை அழித்துவிட்டு, "ஊழியர்கள் படங்கள் மட்டும் அனுப்பவும்" என்று போட்டார். தாத்தா கைகூப்புகிற படம் ஒன்று அனுப்பினார். ஓட்டெடுப்பில் கேமரா வேண்டும் என்பது ஜெயித்தது.

மேடம் கெட்டவர் இல்லை. சின்ன ஆயாவை வேலையைவிட்டு அனுப்பவில்லை. மழைச் சத்தம் போடுகிற ஒரு சின்ன மெஷின் வாங்கித் தூங்கும் அறையில் வைத்தார். சுவரில், 'இந்த அறையில் சொந்த விஷயங்கள் பேசக் கூடாது' என்று எழுதி ஒட்டினார். ஒட்டும்போது, "உன் நல்லதுக்குத்தான்" என்றார். மழை மெஷின் குழந்தைகளை ஒருவழியாகத் தூங்கவைக்கிறது. முன்னைவிட நேரமாகிறது, பல் டாக்டர் மெஷின் சுற்றினால் எழுந்துவிடுகின்றன. துவைக்கும் இடத்தில் கேமரா இல்லை என்பதால் அங்கே நின்று ஒருநாள் பேசிப் பார்த்தாள். துணி மெஷினிடம் சொல்லச் சொல்லச் சங்கடமாக இருந்தது. அது தூங்குவதில்லை. கேட்கிறதா என்றும் தெரியவில்லை. விட்டுவிட்டாள்.

சட்டக்காரர் மகளை வேறு காப்பகத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். அங்கே கேமரா கிடையாதாம். அதைப் பற்றியும் எழுதியிருக்கிறார் என்று பெரிய ஆயா சொன்னாள். நிறையப் பேர் பாராட்டியிருக்கிறார்களாம்.

இப்போதைய நிலவரம் இதுதான். கேமரா அதே இடத்தில் இருக்கிறது, சத்தமும் போகிறது. அந்த வீடியோ எப்போதாவது ஒரு சொந்தக்காரர் மூலமாக வீட்டுக்குத் திரும்பி வருகிறது. அக்கா காலை வேளைப் பாத்திரங்களைத் தானே கழுவிவிடுகிறாள், இவளோடு பேசுவதில்லை. வீட்டுக்காரர் ஒரு தனி வீடு போய்ப் பார்த்தார். அது லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி. வேறு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். குழுவில் கைரேகை வைத்து வருகைப் பதிவு செய்வது சரியா தப்பா என்று விவாதம் நடக்கிறது. சின்ன ஆயா அந்தக் குழுவைத் திறப்பது படம் அனுப்ப மட்டும்தான். தினமும் சரியான நேரத்துக்கு வேலைக்குப் போகிறாள், மதியம் திரையை இழுத்துவிட்டு, மழை மெஷினைப் போட்டுவிட்டு, எல்லாக் குழந்தையும் தூங்கும் வரை பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள்.